391.61 என்ற எண்ணும் மக்காச்சோளக் குருத்தும்

மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ரெண்டு நிமிஷத்தில் ஒரு வாக்கியம் வந்து விழும்: "சூடு கூடினா பூச்சி வேகமா வளரும், அதனால சேதமும் கூடும்." இந்த வாக்கியத்தின் முதல் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் கேட்டால் திரும்பவும் முதல் பாதியையே எடுத்து நீட்டுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்த "அதனால" என்ற சொல்தான் இந்தப் பதிவின் விஷயம்.

எனக்குப் பூச்சியியலில் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் எண்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால், ஒரு எண் எங்கே பிறந்தது, எங்கே போய் வேலை செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்ளும் எண் 391.61.

2020ல் 'இன்செக்ட்ஸ்' இதழில் தென்னாப்பிரிக்காவின் டு பிளெஸிஸ் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் படைப்புழு (ஸ்போடாப்டெரா ஃபுரூஜிபெர்டா) 2016ல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்தில் ஷிவமோகா பக்கமும் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. அப்படிப்பட்ட பூச்சிக்கு எந்தச் சூட்டில் எத்தனை நாளில் முட்டை அந்துப்பூச்சி ஆகும் என்பதுதான் கட்டுரையின் கேள்வி. 18, 22, 26, 30, 32 டிகிரி என்று ஐந்து நிலையான வெப்பங்களில் வளர்த்தார்கள். 18 டிகிரியில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வர 71.44 நாள். 32 டிகிரியில் 20.27 நாள். 18க்கும் 30க்கும் நடுவே வளர்ச்சி வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகிறது. புழுக்கள் அதிகம் பிழைத்தது 26க்கும் 30க்கும் இடையில்.

அந்த நேர்கோட்டிலிருந்து இரண்டு எண்கள் வருகின்றன. வளர்ச்சி நின்றுபோகும் கீழ் வரம்பு 12.57 டிகிரி. முழு வளர்ச்சிக்குத் தேவையான வெப்பக் கூட்டுத்தொகை 391.61 டிகிரி-நாள். கணக்கு சுலபம். இன்றைய சராசரி 27 டிகிரி என்றால் 12.57ஐக் கழியுங்கள், 14.43 வரும். அதுதான் இன்று பூச்சியின் கணக்கில் வரவான தொகை. அது சேர்ந்து சேர்ந்து 391.61 ஆனதும் அந்துப்பூச்சி பறக்கும். 27 டிகிரியே நிலையாக இருந்தால் 27 நாள். 1735லேயே பிரெஞ்சுக்காரர் ரெயோமூர் பயிர் முதிர்வதற்குச் சொன்ன யோசனைதான் இது. முந்நூறு வருஷம் நெருங்கியும் செல்லுபடியாகிறது என்றால் அதில் சரக்கு இருக்கிறது.

கட்டுரை மேல் எனக்குக் குறை இல்லை. சோதனை சுத்தமானது, எழுதியதும் அடக்கமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். என் சண்டை, இந்த மாதிரி கட்டுரைகளை நாம் வாசிக்கிற விதத்தோடு.

முதலில் 12.57. சோதனையில் மிகக் குறைந்த வெப்பம் 18 டிகிரி. 12.57ல் ஒரு புழுவைக்கூட யாரும் வைத்துப் பார்க்கவில்லை. ஐந்து புள்ளிகள் வழியாகப் போன கோட்டை இடது பக்கம் நீட்டி, அது பூஜ்யத்தைத் தொடும் இடத்தைக் குறித்தால் கிடைப்பது 12.57. தரவு முடியும் இடத்திலிருந்து ஐந்தரை டிகிரி தள்ளி ஒரு எண், அதுவும் இரண்டு தசம இடத்தோடு. பூச்சிகளின் உண்மையான வளைகோடு குளிர்ந்த முனையில் வளைந்து படுத்துக்கொள்ளும், கோடு சொல்லும் வரம்புக்குக் கீழேயும் மெதுவாக ஏதோ நடந்துகொண்டிருக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கட்டுரை எழுதியவர்களுக்கும் தெரியும். கட்டுரையிலிருந்து எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து, ஒரு செயலியிலோ வரைபடத்திலோ போடுகிறவர்களுக்குத்தான் மறந்துபோகிறது.

நம்ம ஊருக்கு இது பெரிய பிரச்சினை இல்லைதான். பெரம்பலூரில் 12 டிகிரிக்கு யார் போகப்போகிறார்கள்? உறைபனி விழும் மேட்டுநிலம் உள்ள தென்னாப்பிரிக்காவில் கீழ் வரம்பு முக்கியமான கேள்வி. நமக்கு முக்கியம் மேல் முனை. அங்கேதான் சிக்கல், ஏனென்றால் சோதனை 32ல் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் மக்காச்சோள மாவட்டங்களில் மாசி கடைசியிலேயே மதிய வெயில் 32ஐத் தாண்டிவிடும். சித்திரையில் 40 டிகிரியும் அதிசயமில்லை. அதாவது வருஷத்தில் பல மாதங்களின் பகல் நேரம், இந்தத் தரவுக்கு வெளியே நடக்கிறது. கோட்டை வலது பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினால் 40 டிகிரியில் 14 நாளில் ஒரு தலைமுறை என்று வரும். உயிருள்ள எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. உச்சத்தைத் தொட்ட பிறகு பூச்சியின் வளர்ச்சி வேகம் செங்குத்தாக விழும், ஏறினதைவிட வேகமாக.

அடுத்தது 'நிலையான' வெப்பம் என்ற சொல். இன்குபேட்டரில் ராத்திரி பகல் எல்லாம் 26 என்றால் 26. வயலில் சராசரி 26 என்பது காலையில் 21, மதியம் 32 என்று ஏறி இறங்குவது. இரண்டும் ஒன்றா? கோடு முழுக்க நேராக இருந்தால் ஒன்றுதான். வளைந்தால் இல்லை. ஒரு சின்ன கணக்கு: பன்னிரண்டு மணி நேரம் 10 டிகிரி, பன்னிரண்டு மணி நேரம் 22 டிகிரி என்று வையுங்கள். சராசரி 16. சராசரியை வைத்துக் கணக்கிட்டால் அன்றைய வரவு 3.43. பாதி நாளாகப் பிரித்துக் கணக்கிட்டால், குளிர்ந்த பாதி பூஜ்யம் (கடனாகாது, அவ்வளவுதான்), சூடான பாதி 9.43ல் பாதி, அதாவது 4.7. அதே சராசரி வெப்பம், வரவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். மேல் முனையில் இதுவே தலைகீழாகும். மதியம் உச்சத்தைத் தாண்டிப் போகும் நாட்களில், சராசரி சொல்வதைவிடப் பூச்சி மெதுவாக வளரும், சில சமயம் செத்தும் போகும். கணிதத்தில் யென்சன் சமனின்மை என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. சர்வரில் சராசரி லோடைப் பார்த்துவிட்டு 'எல்லாம் நல்லாத்தான் ஓடுது' என்று சொன்னவர்கள் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

சரி, அந்த 26 எங்கே அளந்தது? வானிலை நிலையத்தில், நாலடி உயரத்தில், நிழல் பெட்டிக்குள். புழு இருப்பது குருத்துக்குள்ளே. சுற்றி ஈரமான இளம் இலை, மேலே தன் எச்சத்தாலேயே போட்டுக்கொண்ட மூடி. நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும் இலை, காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சுருண்ட இலை, காற்றைவிடச் சூடாக இருக்கலாம். கூட்டுப்புழுவாகும்போது சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்கே வேறொரு வெப்பம். கோடை உழவு செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் ஆயுதமாக்குகிறார்கள். புரட்டிப் போட்டால் கூட்டுப்புழு வெயிலுக்கும் கொக்குக்கும் வந்துவிடும். ஒரே பூச்சி, மூன்று பருவத்தில் மூன்று தட்பவெப்பம். கணக்கில் போடுவது நாலாவதை.

இப்போது எல்லோருக்கும் பிடித்த 'வருஷத்துக்கு எத்தனை தலைமுறை' கணக்குக்கு வருவோம். வருஷ சராசரி 28 டிகிரி என்று வைத்தால், 365 நாளில் சேரும் தொகையை 391.61ஆல் வகுக்க 14.4 வருகிறது. 'வருடத்துக்குப் பதினான்கு தலைமுறை!' என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் 391.61 என்பது முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரைக்கும்தான். வெளியே வந்த தாய்ப்பூச்சி இணைசேர்ந்து முட்டையிட மூன்று நான்கு நாள் ஆகும். அதைச் சேர்த்தாலே 14 என்பது 12 ஆகிவிடுகிறது. மேற்கொண்டு, பன்னிரண்டு தலைமுறைக்கும் சாப்பாடு வேண்டுமே? புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாகப் போட்ட மக்காச்சோளம் தைக்குள் முடிந்துவிடும். நூறு, நூற்றுப்பத்து நாள் பயிர். அந்த மாதங்களின் சராசரியை 25 டிகிரி என்று வைத்தால் ஒரு தலைமுறைக்கு 35 நாள். காகிதத்தில் மூன்று தலைமுறை. பயிர் குருத்தாக நிற்கும், அதிகம் அடிவாங்கும் காலம் முதல் 50 நாள்தான். அங்கே ஒன்றரைத் தலைமுறைகூட முழுசாக அடங்காது. ஒரு வயலின் சேதத்தை முடிவு செய்வது முதலில் பறந்துவந்து முட்டையிட்டவை எத்தனை என்பதுதான். அவை எங்கிருந்து வந்தன என்றால், பக்கத்தில் முன்னாடியே விதைத்த வயல், இறவையில் வருஷம் முழுக்க நிற்கும் தீவன மக்காச்சோளம். நூறு ஏக்கரை ஒரே வாரத்தில் விதைப்பதா, இரண்டு மாதம் இழுத்து விதைப்பதா என்பது, ஒரு டிகிரி கூடுவதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம். வெப்பக் கணக்கில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வேகம் என்றால் சேதம் என்று நினைப்பதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 14 நாளில் வளர்ந்து முடிக்கும் புழுவும் 20 நாளில் முடிக்கும் புழுவும், ஒரே அளவு உடம்பைக் கட்ட ஏறக்குறைய ஒரே அளவு இலையைத்தான் தின்ன வேண்டும். இந்தப் புழு தன் ஆறு பருவத்தில் தின்னும் மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. சூட்டில் அந்தத் தீனி சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். சூட்டில் வளர்ந்த பூச்சிகள் பொதுவாக உடல் சிறுத்தும் போகும். அந்துப்பூச்சிகளில் உடல் சிறுத்தால் முட்டையும் குறையும். வேகத்தின் லாபத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்துவிடுகிறது.

இனி சாப்பாட்டு விஷயம். வெப்பத்துக்கு நடந்ததைவிட மோசமான அநியாயம் இதில்தான் நடக்கிறது.

ஆய்வகத்தில் புழு வளர்க்க இரண்டு வழி. ஒன்று செயற்கை உணவு. 1965ல் ஷோரியும் ஹேலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது அந்துப்பூச்சிகளைப் பயறு மாவு கலந்த எளிய உணவில் வளர்த்துக் காட்டினார்கள். நம் நாட்டில் காய்ப்புழுவுக்குக் கொண்டைக்கடலை மாவு. கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின் சி, பூஞ்சை வராமல் இருக்க ஒரு மருந்து, எல்லாவற்றையும் அகர் போட்டு உறைய வைத்தால் மைசூர்பாகு மாதிரி துண்டு போடலாம். புழு கொழுகொழுவென்று வளரும். இது இல்லாவிட்டால் ஒட்டுண்ணி வளர்ப்போ வைரஸ் உற்பத்தியோ நடக்காது, அதனால் நான் இதைக் கேலி செய்யவில்லை. ஆனால் இந்தத் துண்டு திருப்பி அடிக்காது. உயிரோடு நிற்கும் மக்காச்சோளம் திருப்பி அடிக்கும். கடிபட்டதும் அதன் பாதுகாப்பு ரசாயனங்கள் ஏறும். காற்றில் ஒரு வாசனையையும் விடும். தர்லிங்ஸ், தம்ளின்சன் குழு 1990லேயே காட்டியது இது: படைப்புழுவின் சொந்தக்காரப் புழு ஒன்று கடித்த மக்காச்சோள நாற்று விடும் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணிக் குளவி தேடி வருகிறது.

இரண்டாவது வழி, இலையை வெட்டிப் பெட்டிக்குள் போடுவது. 'ஆமணக்கில் இத்தனை நாள், நிலக்கடலையில் இத்தனை நாள், பருத்தியில் இத்தனை நாள்' என்று ஒப்பிடும் அட்டவணைகள் எல்லாம் பெரும்பாலும் இப்படி வருபவை. இதில் புழுவுக்குத் தேர்வு கிடையாது. போட்டதைத் தின்னு, இல்லாவிட்டால் சாவு. வயலில் தேர்வு செய்வது தாய்ப்பூச்சி. பெட்டிக்குள் ஒரு புழு ஏதோ ஓர் இலையைத் தின்று பிழைத்தது என்பதற்கும், அந்தப் பயிரைத் தேடி வந்து தாய் முட்டையிடும் என்பதற்கும் நடுவில் பெரிய தூரம்.

இந்தத் தூரத்தை மறந்ததன் விளைவை 2018ல் பார்த்தோம். அந்த வருஷம் மோன்டெசானோ குழு, இந்தப் பூச்சி பற்றிய பழைய பதிவுகளை எல்லாம் திரட்டி, 76 தாவரக் குடும்பங்களில் 353 தாவரங்கள் என்று பட்டியல் கொடுத்தது. திரட்டு என்ற வகையில் அது பெரிய உழைப்பு. ஆனால் '353 செடிகளைத் தின்னும் அரக்கன்' என்று அது ஊர்சுற்றிய விதம் வேறு. நெல் போச்சு, கரும்பு போச்சு, காய்கறி போச்சு என்று பயந்தோம். நடந்தது, மக்காச்சோளம் பலமாக அடிவாங்கியது. சோளம், கரும்பு என்று அங்கங்கே தலைகாட்டியது. நெல்லில் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. 353 என்பது 'இங்கே ஒரு முறையாவது பார்த்திருக்கிறோம்' என்ற பட்டியல். அதை அழியப்போகும் பயிர்களின் பட்டியலாக வாசித்தது நம் தப்பு.

இன்னொரு தந்திரமான இடம் சத்துக்குறைவு. அட்டவணையில் ஒரு செடியில் புழு மெதுவாக வளர்ந்தால் 'இந்தச் செடி எதிர்ப்புத் திறன் உள்ளது' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் தழைச்சத்து குறைந்த இலை கிடைத்தால் பல புழுக்கள் செய்யும் முதல் வேலை, அதிகமாகத் தின்பது. தண்ணீர் ஊற்றி நீர்த்த மோரை ரெண்டு டம்ளர் குடிக்கிற மாதிரி. சோயா இலைப்புழு ஒன்றின் உணவில் சத்தை நீர்க்கச் செய்து ஸ்லான்ஸ்கியும் வீலரும் பார்த்தபோது, அது தீனியைக் கூட்டித்தான் ஈடுகட்டியது. அப்படியானால் வளர்ச்சி அட்டவணையில் 'நல்ல' செடி, வயலில் அதிக இலையை இழக்கும் செடியாக இருக்கலாம். மறுபக்கம், மெதுவாக வளரும் புழு அதிக நாள் எதிரிகளின் கண்ணில் படும், சீக்கிரம் மாட்டும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதைப் பெட்டியில் பார்க்க முடியாது. பெட்டியில் குளவி இல்லை.

பெட்டியில் அண்ணன் தம்பியும் இல்லை. படைப்புழு தன் இனத்தையே தின்னும். அதனால் ஆய்வகத்தில் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு குப்பிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவது வழக்கம். வேறு வழியும் இல்லை, சேர்த்து வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். வயலில் ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை. ஆனால் முதிர்ந்த புழுவைத் தேடிக் குருத்தைப் பிரித்தால் அநேகமாக ஒன்று, அபூர்வமாக இரண்டு இருக்கும். ஆய்வகம் தரும் உயர்ந்த பிழைப்பு விகிதம், புழுவின் மிக முக்கியமான எதிரியான இன்னொரு புழுவை முதல் நாளே வெளியேற்றிவிட்டு எடுத்தது. அது சோதனையின் குற்றமில்லை. நாம் அதைக் கொண்டுபோய் வயலில் பெருக்குவது குற்றம்.

பெருக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஆய்வக வாழ்நாள் அட்டவணையில் 'நிகர இனப்பெருக்க விகிதம்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு தாய் தன் வாழ்நாளில் எத்தனை மகள்களைத் தருகிறாள் என்பது. வாதத்துக்கு 300 என்று வையுங்கள். பன்னிரண்டு தலைமுறையில் ஒரு தாயிலிருந்து 300ஐ 300ஆல் பன்னிரண்டு தடவை. ஒரு கூட்டுப்புழு 0.2 கிராம் என்றால், வருஷக் கடைசியில் இந்தப் பூச்சிகளின் எடை நம் பூமியின் எடையைப் போல் பதினேழு மடங்குக்கு மேல். கணக்கில் பிழையில்லை, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

நாம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் சாவு. ஒரு தாய் 1,000 முட்டை இடுகிறாள் என்று வைத்துக்கொண்டால், பூச்சிகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க அதில் 998 செத்தாக வேண்டும். இரண்டு மட்டும் பெரியவர்களாக வேண்டும். அதாவது 99.8 சதவீதம் சாவு. இது 99.6 ஆனால், நான்கு பிழைக்கும். பூச்சி எண்ணிக்கை ஒரே தலைமுறையில் இரண்டு மடங்கு. இந்த 0.2 சதவீதத்தை எந்த இன்குபேட்டரும் அளக்காது. வெப்பமும் உணவும் பெரிய விளையாட்டு விளையாடுவது இங்கேதான், அதுவும் சுற்றுவழியில். ஈரப்பதமும் மிதமான சூடும் இருந்தால் மெட்டாரைசியம் ரைலேயி என்ற பூஞ்சை புழுக்களைக் கூட்டமாகக் கொல்லும். குருத்தில் புழு வெள்ளையாக விறைத்து, பிறகு பச்சை படர்ந்து கிடக்கும். அடைமழை, இளம்புழுவைக் கழுவித் தள்ளிவிடும். மழை ஏமாற்றிய வருஷத்தில் இரண்டும் இல்லை. அந்த வருஷம் சூடும் கூடித்தான் இருக்கும். 'சூட்டினால் புழு பெருகியது' என்று எழுதுவோம். பூஞ்சை வராதது யார் கண்ணிலும் படாது. முட்டை ஒட்டுண்ணிகளான டெலினோமஸும் ட்ரைக்கோகிரம்மாவும் அதே மாதிரி. அவற்றுக்கும் தனித்தனி வெப்ப வரம்பு உண்டு. கண்மண் தெரியாமல் மருந்தடித்தால் முதலில் போவதும் அவைதான்.

பெற்றுப்போடும் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு மறைந்த கதவு இருக்கிறது. வளர்ச்சி முடிந்தது, அந்துப்பூச்சி வெளியே வந்தது, 'சோதனை வெற்றி' என்று பதிவு செய்கிறோம். ஆனால் சூட்டில் வளர்ந்த ஆண், உயிரோடு இருந்தும் மலடாக இருக்கலாம். மாவு அந்துப்பூச்சியில், அது நன்றாக வளரக்கூடிய வெப்பத்திலேயே ஆணின் விந்து கெட்டுப்போவதை 1930களிலேயே எழுதிவிட்டார்கள். 2021ல் பாரட் குழு 43 வகைப் பழ ஈக்களை எடுத்துப் பார்த்தது. ஓர் இனம் உலகில் எங்கே வாழ்கிறது என்பதை, அது சாகும் வெப்பத்தைவிட அதன் ஆண் மலடாகும் வெப்பம் பல சமயம் நன்றாகச் சொன்னது. ஈ வேறு, அந்து வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில் படைப்புழு என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள் 'எத்தனை நாளில் வளரும்' என்று கேட்பதோடு 'வளர்ந்த பின் பெறுமா' என்றும் கேட்க வேண்டும். வளர்ந்த பூச்சியின் சாப்பாடும் இதோடு சேர்த்தி. கூண்டில் பஞ்சில் நனைத்த தேன் நீர் எப்போதும் இருக்கும். வெளியே, பூ இருந்தால்தான் தேன்.

உலக அளவில் இந்த 'அதனால'வைச் சரியாகக் கையாண்ட ஒரு கட்டுரையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 2018ல் 'சயின்ஸ்' இதழில் டாய்ச் குழு, நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு, பூமியின் சராசரி ஒரு டிகிரி கூடினால் 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று கணித்தது. இது பரவிய விதமும் பாவம்தான். கூடுவது விளைச்சல் இழப்பின் மேல் 10 முதல் 25 சதவீதம். இப்போது நூறு மூட்டைக்குப் பத்து போகிறது என்றால் பதினொன்று, பன்னிரண்டரை ஆகும். நூற்றில் இருபத்தைந்து மூட்டை போய்விடும் என்று வாசித்தவர்கள் நிறைய. கட்டுரையின் உள்ளே இன்னும் சுவையான விஷயம் இருக்கிறது. பூச்சியின் பசியையும் அதன் பெருக்கத்தையும் அவர்கள் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். குளிர் நாடுகளில் சூடு இரண்டையும் கூட்டுகிறது. வெப்ப நாடுகளில் பசி கூடினாலும், பூச்சி ஏற்கெனவே தன் உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெருக்கம் குறையலாம். ஆகவே பெரிய அடி மிதவெப்ப நாடுகளின் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும். நம் ஊர்ச் செய்திகளில் இந்தப் பகுதியைக் காணோம். நம்மைப் பற்றிய பகுதியே அதுதான்.

அப்போ 391.61 எதற்குமே ஆகாதா? ஆகும். எவ்வளவு சேதம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எப்போது என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்லும். அதே கட்டுரையில் பருவம் பருவமாகவும் எண்கள் இருக்கின்றன. முட்டைக்கு 35.68 டிகிரி-நாள், வரம்பு 13.01. புழுவுக்கு 204.60, வரம்பு 12.12. சராசரி 27 டிகிரி உள்ள வாரத்தில் முட்டை பொரிய இரண்டரை நாள், புழுப் பருவம் மொத்தம் கிட்டத்தட்ட 14 நாள். 27 என்பது 18க்கும் 30க்கும் நடுவில், கோடு நேராக இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் இந்த நாட்களை நம்பலாம். புழு சின்னதாக, இலைப்பரப்பைச் சுரண்டிக்கொண்டு வெளியே இருப்பது இதில் முதல் பாதி. ஆக, முட்டைக்குவியலைக் கண்ணால் பார்த்த மூன்றாம் நாளிலிருந்து சுமார் ஒரு வாரம்தான், எதைத் தெளித்தாலும் புழு மேல் படும் காலம். அதற்குப் பிறகு அது குருத்துக்குள் மூடி போட்டு உட்கார்ந்துவிடும். மருந்துக் காசு மண்ணுக்குப் போகும். குருத்தில் மணல் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான் உதவும்.

இந்தக் கணக்கை ஆரம்பிக்கும் நாளை மட்டும் கவனமாக எடுக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் பூச்சிகள் மட்டும். பொறியில் விழுந்த நாளை முட்டையிட்ட நாளாக எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினால் சில நாள் தள்ளிப்போகும், சில சமயம் முட்டையே இல்லாத வயலுக்கு மருந்தடிப்போம். பொறியில் ஆண்கள் கூடத் தொடங்கியதும் வாரம் இருமுறை வயலில் இறங்கி, இலைகளைத் திருப்பி, பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக்குவியல் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். டிகிரி-நாள் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கும்.